அக்கா பேரில் ஒரு நம்பர்

அக்கா இறந்துபோனதை எனக்குச் சொன்னது செல்போன் கம்பெனிதான்.

"அன்பான வாடிக்கையாளரே, இந்த எண்ணின் பதிவுதாரர் திருமதி ச. பேச்சியம்மாள் காலமானதாகப் பதிவாகியுள்ளது. முப்பது நாட்களுக்குள் வாரிசுதாரர் நேரில் வந்து மாற்றிக்கொள்ளாவிட்டால் எண் ரத்தாகும். தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்."

ஸ்வீடனில், கோத்தன்பர்க்கில் அப்போது காலை எட்டே கால். ஆபீஸ் போகும் படகில் கையில் காப்பியோடு உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்தது கோபம். எவனோ இறந்தவர்கள் பட்டியலில் பெயரை மாற்றிப் போட்டுவிட்டான், இனி இதைச் சரிசெய்ய யார் யாரிடம் தொங்க வேண்டுமோ என்றுதான் நினைத்தேன். அக்கா செத்திருப்பாள் என்று தோன்றவே இல்லை. செத்திருந்தால் எனக்குச் சொல்லியிருக்க மாட்டார்களா?

சொல்லியிருந்தார்கள். ஒன்பது நாளுக்கு முன்னால், ஐந்து முறை.

அந்த நம்பரின் கதையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் காலேஜில் இடம் கிடைத்தபோது பதினேழு வயது. சிம் வாங்கப் பதினெட்டு ஆக வேண்டும். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் அக்கா தன் பெயரில் வாங்கிக் கொடுத்தாள். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றாள். நம் வீடுகளில் இந்த 'அப்புறம்' எப்போது வந்திருக்கிறது? நான் வேலைக்குப் போய், வெளிநாடு போய், அங்கே குடியுரிமையும் வாங்கியாயிற்று. நம்பர் மட்டும் அக்கா பேரிலேயே இருந்தது. பாங்கு, ஆதார், அப்பா விட்டுப்போன வீட்டுப் பத்திரம் எல்லாவற்றுக்கும் ஓடிபி அதில்தான் வரும். வருஷத்துக்கு ஒரு தடவை பதிவுதாரர் கடைக்குப் போய் விரல் வைக்க வேண்டும். அதை அக்கா பார்த்துக்கொண்டாள். சத்துணவு அமைப்பாளர் வேலை அவளுக்கு. காலையில் அரிசி, பருப்பு அளந்து கொடுத்துவிட்டு, பர்மிஷன் சொல்லி, பஸ் பிடித்துப் போய் விரலை வைத்துவிட்டு வருவாள்.

பிறகு அந்தப் புதுச் சட்டம் வந்தது. அதை எனக்கு விளக்கியவள் வீடியோவில் வந்த விற்பனைப் பெண். சென்னைப் பேச்சு.

"சார், வெளிநாட்டுல இருக்கிறவங்க நம்பர சும்மா பூட்டி வச்சிருக்காங்கன்னுதான் இந்த ரூல். தொண்ணூறு நாள்ல நம்ம நாட்டுக்குள்ள இருந்து அந்த நம்பர்ல பேச்சு நடந்திருக்கணும். மெசேஜ் கணக்குல வராது. மனுஷக் குரல் பேசணும். இல்லேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"நான் இங்க இருந்துகிட்டு அங்க எப்படிப் பேசறது?"

"நீங்க பேச வேணாம் சார். அதுக்குத்தான் எங்க 'ஊர்க்குரல்'. நாப்பது நிமிஷம் வாசிச்சுக் குடுங்க. பழைய போன் ரெக்கார்டிங் இருந்தா அதையும் போடுங்க. உங்க குரல், உங்க இழுவை, உங்க ஊர்ப் பேச்சு எல்லாத்தையும் புடிச்சுக்கும். யார் கூப்பிட்டாலும் நீங்களேதான். வாரா வாரம் உங்களுக்கு ரிப்போர்ட் வந்துடும்."

"யாராவது கண்டுபிடிச்சிட்டா?"

அவள் சிரித்தாள். "கண்டுபிடிச்சு என்ன சார் பண்ணப்போறாங்க?"

பழைய ரெக்கார்டிங் என்னிடம் இருந்ததெல்லாம் அக்காவோடு பேசியவைதான். அதனால் ஊர்க்குரல் அக்கா சொல்லிக்கொடுத்த பழக்கத்தையும் கற்றுக்கொண்டது. அக்காவுக்கு 'போனை வைக்கேன்' என்ற வார்த்தை ஆகாது. "என்னத்தல வைக்கப் போற? வாசல்ல இருந்து கெளம்புறவன் எப்படிச் சொல்லுவான்? வாரேன்னு சொல்லு" என்பாள். அதனால் நான் எந்தப் போனையும் 'சரி, வாரேன்' என்றுதான் முடிப்பேன். ஊர்க்குரலும் அப்படியே முடித்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், அக்காவை அதனிடம் விட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஞாயிறு பதினோரு மணிக்கு அவள் கூப்பிடுவாள். என் கைக்கு லைன் திரும்பும்படி வைத்திருந்தேன். பெயருக்கேற்ற பேச்சு அவளுக்கு. பள்ளிக்கூடத்து முட்டைக் கணக்கிலிருந்து பக்கத்து வீட்டு வேலித் தகராறு வரைக்கும் சொல்லி முடிக்க நாற்பது நிமிஷம் ஆகும். நான் உம் கொட்டிக்கொண்டே வேறு வேலை பார்ப்பேன். ஒரு ஞாயிறு எடுக்க மறந்தேன். ஊர்க்குரல் எடுத்துப் பேசியிருந்தது. 'பேச்சியம்மாள் அக்கா, 44 நிமிடம். மனநிலை: மகிழ்ச்சி' என்று ரிப்போர்ட் வந்தது. அவ்வளவுதான். அவளுக்கும் சந்தோஷம், எனக்கும் ஞாயிற்றுக்கிழமை மிச்சம் என்று விட்டுவிட்டேன். நாலு வருஷம்.

இன்னொன்றும் செய்தேன். ஆரம்பத்தில் ஊர்க்குரல் எதற்கெடுத்தாலும் 'உங்கள் கவனம் தேவை' என்று மணியடித்துக்கொண்டே இருந்தது. எங்கள் சொந்தத்தில் வாரம் ஒரு துஷ்டி விழும். ஒன்றுவிட்ட பெரியப்பா, அவர் சம்பந்தி, சம்பந்தியின் மைத்துனர். எல்லார் சாவுக்கும் போன் வரும். எல்லாருமே இன்னொன்றும் கேட்பார்கள்: "எப்ப ஊருக்கு வாரே?" என்னை நச்சரிக்கிற இந்த இரண்டையும் அமைப்புகளுக்குள் போய்த் தேடி எடுத்தேன். 'இரப்புச் செய்தி' என்று எழுத்துப்பிழையோடு ஒரு கட்டம். 'வருகை குறித்த கேள்வி' என்று இன்னொன்று. இரண்டிலும் 'நீயே பார்த்துக்கொள்' என்று டிக் போட்டேன். அன்றைக்குத் தலைவலி விட்ட மாதிரி இருந்தது.

படகில் இருந்தபடியே போன வார ரிப்போர்ட்டைத் திறந்தேன். நான் அதைப் பார்த்தே மாசக் கணக்கு ஆகியிருந்தது.

'சங்கரபாண்டி அத்தான், 1 நிமிடம் 52 வினாடி. மனநிலை: துயரம். உங்கள் கவனம் தேவை: இல்லை.'

காதில் மாட்டிக்கொண்டு ஒலிப்பதிவைப் போட்டேன்.

"இசக்கி... ஏ இசக்கி... ஒங்க அக்கா போயிட்டாப்பா."

"ஐயோ, அத்தான்! எப்பம்?" என்றது என் குரல். அந்தக் குரலின் நடுக்கம் அத்தனை சரியாக இருந்தது.

"காலைல அஞ்சு மணிக்கு. நெஞ்சு வலிக்குன்னா. வண்டி வாரதுக்குள்ள..." அத்தான் அழுதார். "நீ வாரியா? பொறந்த வீட்டுக் கோடி நீதான போடணும். ஒன்ன விட்டா யாரு இருக்கா அவளுக்கு?"

"மனசத் திடமா வச்சிக்கோங்க அத்தான். நல்ல மனுஷி. யாரால என்ன செய்ய முடியும். சரி அத்தான், வாரேன்."

படகு கரை சேர்ந்தது. எல்லாரும் இறங்கினார்கள். நான் இறங்காமல் அதே படகில் திரும்பிப் போனேன். ஆபீசில் படகு நேர அட்டவணை போடுவதுதான் என் வேலை. எது எத்தனை மணிக்கு எங்கே வரும் என்று நகரம் முழுக்கச் சொல்லுகிறவன் நான்.

தூத்துக்குடியில் இறங்கி, கார் பிடித்து சங்கரன்கோவில் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டாம் நாள். ஊருக்குப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. அத்தான் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மளிகைக் கடை வைத்து நடத்துகிற மனுஷன், எப்போதும் வெள்ளை வேட்டி கசங்காமல் இருப்பார். அன்றைக்கு லுங்கி. என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"வந்துட்டியா" என்றார்.

அவர் காலடியில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரியாது அத்தான் என்று ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கட்டம், டிக், ரிப்போர்ட். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

"ரெண்டு நாள் வச்சிருந்தோம்" என்றார். "ஐஸ் பொட்டில. ஊர்ல எல்லாரும் எடுங்க எடுங்கன்னாங்க. நான்தான், தம்பி வாரேன்னு சொல்லிட்டான், அவன் கோடி விழாம எடுக்கக் கூடாதுன்னு நின்னேன். மூணு தடவ திரும்பப் போட்டேன். 'எங்க வந்துட்டிருக்கப்பா?'ன்னு கேப்பேன். ஏதோ ஆறுதல் சொல்லுவே. கடைசில வாரேம்பே. சரி, ஏரோப்ளேன்ல இருக்கான் போலன்னு நெனச்சேன்."

பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து உடன்பிறந்தவன் புதுச்சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதுதான் கோடி. அப்பா, அம்மா இல்லாத அக்காவுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருத்தன்தான். ஒரு சேலை. அதற்காக அவள் இரண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் காத்துக் கிடந்திருக்கிறாள்.

"வேற வழி எதுலயாவது என்னப் பிடிச்சிருக்கலாமே அத்தான்" என்றேன். கேட்டதும் வெட்கமாக இருந்தது.

"போன் போட்டா எடுக்கான். பின்ன எதுக்குப்பா வேற வழி?"

உள்ளேயிருந்து தர்ஷிகா வந்தாள். அக்காவின் ஒரே மகள். பார்மசி கடைசி வருஷம் படிக்கிறாள். நான் கடைசியாகப் பார்த்தபோது யூனிபாரம் போட்டிருந்தாள். கையில் இருந்த தண்ணீர்ச் சொம்பை என் முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

"அஞ்சாவது தடவ நான்தான் பேசுனேன் மாமா" என்றாள். "எங்க இருக்கீங்கன்னு கேட்டேன். 'வாரேம்மா, தைரியமா இரு'ன்னு சொல்லிச்சு. அது வரைக்கும் அப்பாட்ட நீங்கதான் பேசுனீங்கன்னு நெனச்சேன். அப்பம்தான் எல்லார்ட்டயும் சொன்னேன். இது மாமா இல்ல, மிஷினு, யாரும் வரப்போறதில்ல, எடுங்கன்னு."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அம்மா சொல்லியிருக்கா."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்.

"அம்மாவுக்கு மொத மாசமே தெரியும் மாமா. பேசிக்கிட்டு இருக்கும்போது அடுப்புல பால் பொங்கிருச்சு. போன அப்படியே வச்சிட்டு ஓடுனவ, மறந்துட்டா. முக்கா மணி நேரம் கழிச்சு வந்து எடுத்துப் பாத்தா, 'சொல்லுக்கா, கேக்கேன்'னு லைன்ல இருக்கு. எந்தம்பி ரெண்டு நிமிஷம் பொறுக்க மாட்டானே, இது யாருட்டின்னு எங்கிட்ட கேட்டா. நான்தான் இப்படி ஒண்ணு வந்திருக்கும்மான்னு சொன்னேன்."

"தெரிஞ்சும் நாலு வருஷமா ஏன் பேசுனா? எனக்கு ஏன் சொல்லல?"

"யாருட்ட சொல்றது? அதுட்டயா?" அவள் குரல் உயர்ந்தது. "அம்மாவுக்கு மட்டும் தெரிஞ்ச ஒங்க அந்த ஊர் நம்பர ரெண்டு தடவ கூப்பிட்டா. மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசுதேன்னு சொன்னீங்களாம். ரெக்கார்டிங் எல்லாம் ஒங்ககிட்டதான இருக்கு மாமா. நீங்க ஒண்ணாவது கேட்டதில்லியா?"

தண்ணீரைக் குடித்தேன்.

மறுநாள் காலையில் மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தேன். நாலு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள். முதல் நாலைந்து ஒலிப்பதிவில் அக்கா என்னோடு பேசினாள். "ஏல, குளிரா இருக்கா? ஸ்வெட்டர் போடுதியா?" என்று நீ, நீ என்று பேசினாள். பிறகு அந்தப் பால் பொங்கிய வாரம். அடுத்த ஞாயிற்றிலிருந்து பேச்சு மாறியது. 

"ஏ மிஷினு, அவன் சாப்ட்டானா?"

"சாப்ட்டேன்க்கா."

"ஒன்ன யாருல கேட்டா? ஒனக்கு வயிறா இருக்கு? அவன் சாப்ட்டானான்னு கேட்டேன்."

அதற்கப்புறம் ஒரு இடத்தில்கூட அவள் என்னை 'நீ' என்று சொல்லவில்லை. அவன், அவன், அவன். மிஷினிடம் என்னை விசாரித்துக்கொண்டே இருந்தாள். அவனுக்கு முடி கொட்டுதா? அவன் இன்னும் தனியாத்தான் கெடக்கானா? அவன்ட்ட சொல்லு, அப்பா வீட்டுல ஓடு ரெண்டு சரிஞ்சிருக்கு, நான் ஆள் வச்சு மாத்திட்டேன். அவன்ட்ட சொல்லு, தர்ஷிகா பாஸாயிட்டா. சில நாள் சிரித்தாள். "இன்னைக்கு கத்திரிக்கா புளிக்கொழம்பு. இத அவன்ட்ட சொல்லாத, ஏங்கிருவான். சும்மா ஒன்ட்ட சொல்லுதேன்."

ஒவ்வொன்றையும் ஊர்க்குரல் 'சரிக்கா, சொல்லுதேன்' என்று வாங்கிக்கொண்டது. ஒவ்வொரு வாரமும் எனக்கு வந்தது ஒரே வரி. மனநிலை: மகிழ்ச்சி. கவனம் தேவை: இல்லை.

கேட்கக் கேட்க எனக்கு அந்தச் சனியன்மேல் ஆத்திரம் வந்தது. பிறகு பொறாமை வந்தது. அவள் சொன்னதையெல்லாம் அது முழுசாகக் கேட்டிருக்கிறது. நானே பேசிய காலத்தில் பாதியைக்கூடக் கேட்டதில்லை. என் அக்கா எப்படிச் சிரிப்பாள் என்பதே எனக்கு அந்த மாடியில்தான் சரியாகத் தெரிந்தது.

கடைசி ஒலிப்பதிவு, அவள் இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் வந்த ஞாயிறு. பதினாலு நிமிஷம்தான். வழக்கத்தைவிட மூச்சு வாங்கியது.

"ரெண்டு நாளா நெஞ்சுல பாரமா இருக்குல. படியேற முடியல."

"டாக்டரப் பாருக்கா. தள்ளிப் போடாத."

"பாக்கணும். அவன் அத்தான்ட்ட சொல்லல, பயந்துருவாரு." இருமிவிட்டுச் சொன்னாள்: "ஒண்ணு செய்யுதியா? அவன ஒரு தடவ வரச்சொல்லு. நோய்க்குன்னு சொல்லாத, பதறுவான். சும்மா பாக்கணும் போல இருக்குன்னு சொல்லு. ரெண்டு நாள் இருந்துட்டுப் போவட்டும்."

"சரிக்கா, வாரேன்."

அக்கா சிரித்தாள். இருமலோடு கலந்த சிரிப்பு.

"நீ வந்து என்னல செய்யப் போற? அவன வரச்சொல்லு."

அதோடு வைத்துவிட்டாள். அன்றைக்கு அவள் 'வாரேன்' சொல்லவில்லை.

'வருகை குறித்த கேள்வி.' நான்தான் டிக் போட்டேன். மிஷின் ஒரு தப்பும் செய்யவில்லை. நான் சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் செய்திருக்கிறது. தொட்டிச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, நாற்பத்தாறு வயது ஆம்பிளை, கீழே கேட்கும் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். யாரும் மேலே வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், நானும் தர்ஷிகாவும் அந்த செல்போன் கடைக்குப் போனோம். கடைக்காரர் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மகதான் மொத வாரிசு. அவங்க விரல் வச்சு, ஒங்க பேருக்கு மாத்திவிடுதேன்னா மாத்திக்கலாம் சார். ஊர்க்குரலும் அப்படியே தொடரும். இல்ல, அவங்களே வச்சிக்கிட்டா, ஒங்க குரல அழிச்சிரணும். ரெக்கார்டிங் மட்டும் நம்பரோட இருக்கும். யாருமே எடுக்கலேன்னா எல்லாம் போயிரும்."

தர்ஷிகா என்னைப் பார்த்தாள். "ஒங்களுக்கு எல்லாமே இந்த நம்பர்லதான இருக்கு மாமா. வேணும்னா எடுத்துக்கோங்க. அம்மா சத்தத்த மட்டும் எனக்குக் காப்பி போட்டுத் தாங்க."

இருபத்தொன்பது வருஷமாக என் நம்பர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா விரல் வைத்துக் காப்பாற்றிய நம்பர்.

"ஒங்கம்மா நம்பர்தானம்மா" என்றேன். "நீ வச்சிக்க."

அவள் விரலை வைத்தாள். கடைக்காரர் என் குரலை அழித்தார். எனக்கு எதுவும் ஆகவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு பால்கோவா வாங்கித் தின்றோம்.

பாங்கிலும் மற்ற இடங்களிலும் நம்பரை மாற்றி முடிக்க மாசக்கணக்கில் ஆயிற்று. அதெல்லாம் பெரிய விஷயமில்லை. கோத்தன்பர்க் திரும்பிய மூன்றாவது ஞாயிறு, அங்கே பதினோரு மணி ஆகும் நேரம் பார்த்து, என் பழைய நம்பரை நானே முதல் தடவையாகக் கூப்பிட்டேன். ஒரு வினாடி என் குரலே எடுக்குமோ என்று பயந்தேன்.

"யாரு?" என்றாள் தர்ஷிகா.

"மாமாம்மா."

"சொல்லுங்க மாமா."

சொல்வதற்கு என்ன இருக்கிறது? சாப்பிட்டாயா என்றேன். அத்தான் கடை திறக்கிறாரா என்றேன். அவள் பரீட்சைத் தேதியைச் சொன்னாள். சத்துணவுக்குப் புதிதாக வந்த அமைப்பாளர், அக்காவின் உயரமான முக்காலியைக் கேட்டு வாங்கிப் போனதைச் சொன்னாள். இந்தத் தடவை நான் வேறு எதையும் செய்யவில்லை. ஜன்னலைக்கூடப் பார்க்காமல் கேட்டேன். பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்தது.

"சரிம்மா" என்றேன். பழக்கம், வாய் தானாகவே முடித்தது. "வாரேன்."

அவள் வைக்கவில்லை.

"என்னைக்கு மாமா?" என்றாள்.